பெயின்ற் வாளியில் ஒரு பலா

இன்று காலையும் என் குசினி மீன் மணக்கிறது. பிறந்த நாளிலிருந்து மீன் தொடாத ஒருத்தியின் குசினி இது. பின்வீட்டு அக்கா சூடை மீன் கழுவிய தண்ணீரை ஒரு பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் ஊற்றி, மூடி, எங்கள் படிக்கட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நானேதான் கேட்டு வைத்தேன். "பூக்கண்டுக்கு, அக்கா" என்று சொன்னபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு கன்றுகளுக்கும் அதை ஊற்றினேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினேன். மணம் போகவில்லை. அந்தக் கோபத்தோடுதான் உமக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீர் போய் பதினொரு மாதம். இவ்வளவு நாளும் உமக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அழுகையாக வரும் என்று நினைத்தேன். வருவது எரிச்சல்தான். பத்தொன்பது கன்றுகளை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் மேல் வேறு என்ன வரும்?

உம்மோடு ஒரு வீட்டில் இருந்தது என் விருப்பத்தால் நடந்ததும் இல்லை. வவுனியாவில் தனிப் பெண் ஒருத்திக்கு வீடு கேட்டுப் போனால் ஆயிரம் கேள்வி. இரண்டு பெண்கள் என்றால் கேள்வி பாதியாகும். ஒரே கந்தோரில் எதிரெதிர் மேசையில் இருந்தோம், அவ்வளவுதான் பழக்கம். புடவைக்கடைக்கு மேலே இருந்த இந்த மாடி வீட்டுக்கு நான் அலுமாரியும் கட்டிலுமாக வந்தேன். நீர் உடுப்பெல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கன்றுகளுக்கு மட்டும் தனியாக ஒரு ஓட்டோ பிடித்து வந்தீர்.

முதல் நாளே கவனித்தேன். பால்மா ரின், எண்ணெய்க் கலன், பெயின்ற் வாளி. ஒன்றுகூட மண்சட்டி இல்லை. எல்லாவற்றிலும் தூக்குவதற்கு ஒரு பிடி இருந்தது. பிடி இல்லாத ரின்னுக்கு நீரே கம்பி வளைத்துப் பூட்டியிருந்தீர். குரோட்டன், அந்தூரியம், கற்றாழை, மணிபிளாண்ட், எல்லாம் ஏதோ பயணத்துக்கு ஆயத்தமாக நின்றன. பாவம் பார்த்து, உம்முடைய பிறந்த நாளுக்குச் சந்தையில் அழகான மண்சட்டி ஒன்று வாங்கி வந்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்.

"வடிவாத்தான் இருக்கு. ஆனா இதைத் தூக்கிக்கொண்டு ஓடேலாதப்பா."

"எங்க ஓடப் போறீர்? சண்டை முடிஞ்சு எத்தினை வருசம்?"

"முந்தியும் ஆரும் சொல்லிப்போட்டே ஓட விட்டவங்கள்?"

அந்தச் சட்டியில் வெங்காயம் போட்டு வைத்தோம். பத்துக்கு மேற்பட்ட தரம் இடம்பெயர்ந்த ஒருவரிடம் இதற்கு மேல் என்ன வாதாடுவது? நானும் ஓடினவள்தான். ஆனால் நான் அதிலிருந்து கற்றது வேறு. கன்றே வைக்கக்கூடாது என்று கற்றேன். நீர் வைக்கத்தான் வேண்டும், ஆனால் பிடியோடு வைக்க வேண்டும் என்று கற்றீர். இரண்டு பேரில் யாருக்கு விசர் என்று ஒன்பது வருடமும் சண்டை பிடித்தோம்.

சண்டைகளில் பெரியது பலா. புதுக்குடியிருப்பில் உம்முடைய வளவைப் பார்க்க ஆமிக்காரர் விட்டார்கள் என்று ஒரு நாள் போய் வந்தீர். வீடு இல்லை. கருகின பலாவில் ஒரு கிளை மட்டும் உயிரோடு நின்று ஒரே ஒரு பழம் காய்த்திருந்தது என்றீர். அதிலும் பாதி பழுது. நல்லதாக ஒரு கொட்டையைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வந்தீர். அடுத்த முறை போனபோது அந்த மரமும் இல்லை; வளவைத் துப்புரவாக்க வந்த இயந்திரம் வேரோடு கிளப்பிப் போட்டிருந்தது. அன்று நீர் சாப்பிடவில்லை. பல்கனியில் வெள்ளைப் பெயின்ற் வாளிக்குப் பக்கத்தில் இருந்தீர். வாளியில் கொட்டை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது.

"பலாவை வாளியில வைக்கிற ஆள் உலகத்திலேயே நீர் ஒராள்தான்" என்றேன்.

"காணிக்குப் போகேக்க கொண்டுபோவன். அடுத்த வருசம்."

அந்த அடுத்த வருடம் எட்டுத் தரம் வந்து போனது. மரம் என் தோள் உயரத்துக்கு வந்து, அதற்கு மேல் வளர இடமில்லாமல் நின்றது. பழுத்த இலைகளைப் பெருக்கியது யார்? நான். விருந்தாளிகள் "இது என்ன, போன்சாயோ?" என்று கேட்டால் வெட்கப்பட்டதும் நான்தான். நீர் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நிற்பீர்.

கந்தோரில் ஆளுமை விருத்திப் பயிற்சி என்று ஒன்று வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? குளிரூட்டிய மண்டபம், சோற்றுப் பார்சல், கழுத்தில் பெயர் அட்டை. ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள் என்று எழுதச் சொன்னான் அந்தப் பயிற்றுநர் தம்பி. நான் "இதே கதிரையில்" என்று எழுதினேன். நீர் "என் வளவில், பலாவுக்குக் கீழே கதிரை போட்டு இருப்பேன்" என்று எழுதினீர். உம்மை எழுப்பி நிறுத்தி எல்லாரையும் கைதட்ட வைத்தான். என்னைப் பார்த்து, "அன்ரி, உங்கட தனிப்பட்ட வளர்ச்சி எங்கயோ தடைப்பட்டு நிக்குது" என்றான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பொரிந்து தள்ளினேன். பலாவை வாளியில் வைத்திருப்பவருக்கு வளர்ச்சி, மல்லாவியில் ஒரு ஏக்கர் காணி வைத்திருப்பவளுக்குத் தடையா?

நீர் நடந்துகொண்டே, மெதுவாக, "அப்ப உம்மட காணியிலயே இதை வைப்பமே" என்று கேட்டீர்.

மூன்று நாள் உம்மோடு கதைக்கவில்லை. ஏன் என்று உமக்குத் தெரியும். அந்த வளவில் அப்பா தென்னையும் மாவும் வைத்தார், விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்து மறுபடி வைத்தார், மறுபடி ஓடினோம், இரண்டாந்தரம் அப்பா திரும்பி வரவில்லை. மீள்குடியேற்றத்தின்போது நான் போய்ப் பார்த்தது இடிந்த கிணறு ஒன்றையும் இடுப்பளவு பற்றையையும்தான். எல்லைக்குக் கம்பிவேலி அடித்துவிட்டு வந்தவள், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. "ரெண்டு தரம் நட்டாச்சு. மூண்டாந்தரம் என்னால ஏலாது" என்று நாலாம் நாள் உமக்குச் சொன்னேன். நீர் "சரியப்பா" என்றீர். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். எத்தனையோ விடயத்தில் என்னை நச்சரித்தீர், இதில் மட்டும் ஏன் அவ்வளவு மரியாதை?

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். வராமல் இருக்க முடியவில்லை. பல்கனியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நீர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றீர். முகமெல்லாம் வேர்வை. நான் ஓட்டோவுக்குத் தொலைபேசியை எடுத்தேன்.

"வாயுவப்பா. ஓமத்தண்ணி குடிச்சாப் போயிடும்."

"உமக்கென்ன விசரே? முகத்தைப் பாரும் கண்ணாடியில!"

"பொறும், பொறும். மிச்ச நாலு கண்டுக்கும் ஊத்திப்போட்டு வாறன்."

ஊற்றினீர். நாலுக்கும் ஊற்றினீர். நான் கத்திக்கொண்டு நிற்க, பலாவுக்கு ஒன்றுக்கு இரண்டு தரம் ஊற்றினீர். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் சொல்லத் தொடங்கினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உம்மை நான் இதற்கு இன்னும் மன்னிக்கவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகாத என்னையும் மன்னிக்கவில்லை.

கனடாவில் இருந்து உம்முடைய அண்ணா எட்டுச் செலவுச் சடங்குக்கு வந்தார். நல்ல மனிதர். படங்களையும் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டார். வளவு அவர் பெயரில் இருந்ததால் அதை விற்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் எந்தக் காலத்தில் இங்கே வந்து இருக்கப்போகிறார்? "பூக்கண்டுகளை நீங்களே வைச்சிருங்கோ, தங்கச்சி" என்றார். பலாவைக் காட்டினேன். "இதையும்தான்" என்றார்.

ஒரு துண்டிலாவது எழுதி வைத்தீரா, எதற்கு எவ்வளவு தண்ணீர் என்று? இல்லை. கேட்டபோதெல்லாம் "மண்ணைத் தொட்டுப் பாரும், தெரியும்" என்பீர். தொட்டுப் பார்த்தேன். எனக்கு மண் என்றுதான் தெரிந்தது. முதல் மாதம் பயத்தில் காலையும் மாலையும் ஊற்றினேன், கற்றாழை அழுகிப் போனது. இரண்டாம் மாதம் பயத்தில் ஊற்றாமல் விட்டேன், அந்தூரியம் சுருண்டது. ஆறு கன்றுகளைக் கொன்ற பிறகுதான் ஒவ்வொன்றின் குணமும் பிடிபட்டது. மீன் கழுவின தண்ணீரை விட்டால் குரோட்டனுக்கு நிறம் வரும் என்று நீர் சொன்னது கடைசியில் உண்மையாகிவிட்டது. இதுவும் எனக்கு எரிச்சல்தான்.

பலா மட்டும் எதற்கும் அசையவில்லை. ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பச்சையாக நின்றது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சித்திரையில் வீட்டுக்காரர், கீழே புடவைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா, முதல் தடவையாகப் படியேறி வந்தார். கையில் ஒரு சேலைக் கட்டு, ஓரமெல்லாம் மண்ணிறக் கறை.

"மிஸ், உங்கட கண்டுத் தண்ணி என்ர கடைக்குள்ள வருது. சுவரெல்லாம் ஊறிப் போச்சு."

தட்டு வைக்கிறேன் என்றேன், வைத்தேன். ஊற்றுவதைக் குறைத்தேன். பழைய துவாய்களை விரித்தேன். ஆனாலும் வடிந்தது. மூன்றாம் முறை வந்தபோது, "மாதக் கடைசிக்குள்ள பல்கனியில ஒண்டும் இருக்கக்கூடாது மிஸ்" என்று சொல்லிவிட்டார். மற்றக் கன்றுகளை உள்ளே வைக்கலாம். தோள் உயரப் பலாவை எங்கே வைப்பது? அது வெளியே போனால் நானும் வெளியே போவேன் என்றேன். ஒன்பது வருடம் நல்லபடி இருந்த மனிதரோடு உமக்காக வாய்த்தர்க்கம். உம்முடைய கையால் நட்டதில் உம்முடைய ஊர் மண்ணில் இருந்து வந்தது அது ஒன்றுதான். வேறு காணியும் இல்லை, வேறு கொட்டையும் இல்லை. அது செத்தால் உம்மை இரண்டாந்தரம் விட்டமாதிரி என்று இரவும் பகலும் அதுவே யோசனை.

கடைசியில் நானா ஒரு மேசனோடு வந்தார். எங்கே ஓட்டை என்று பார்ப்போம், பிறகு கதைப்போம் என்றார். வாளியை நகர்த்தச் சொன்னார். பிடியைப் பிடித்து நான் இழுத்தேன். கம்பி கழன்று கையோடு வந்தது, வாளி அசையவில்லை. மேசன் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். அசையவில்லை. கடைசியில் வாளியின் பக்கத்தை வெட்டித் திறந்தோம்.

நீர் அதை எங்கே வைத்திருந்தீர் தெரியுமா? பல்கனித் தண்ணீர் போகும் ஓட்டைக்கு நேர் மேலே. அடியைத் துளைத்து ஆணிவேர் குழாய்க்குள் இறங்கியிருந்தது. கீழே கடைச் சுவரில் குழாயை உடைத்துப் பார்த்தால், சேலை அடுக்கும் ராக்கைக்குப் பின்னால், பின்னல் கனத்துக்கு வேர். குழாயை அடைத்துத் தண்ணீரைச் சுவருக்குள் தள்ளிக்கொண்டிருந்ததும் அதுதான். தூக்கிக்கொண்டு ஓட என்று நீர் பிடி வைத்த வாளியில் இருந்து, உமக்குச் சொல்லாமல், எப்போதோ கீழே இறங்கிவிட்டது. உடனே தத்துவம் சொல்ல வராதேயும். நீர் என்ன சொல்வீர் என்று எனக்குத் தெரியும், அதை நானே அந்த இடத்தில் நின்று யோசித்துவிட்டேன்.

கழன்ற பிடியை நானா என் கையில் இருந்து வாங்கிப் பார்த்தார்.

"மரத்துக்கு ஏன் பிடியுள்ள வாளி?"

"ஓடேக்க தூக்க எண்டு வைச்சவா."

சிரிப்பார் என்று நினைத்தேன். இவ்வளவு பேரும் சிரித்திருக்கிறார்கள். அவர் சிரிக்கவில்லை. அவருடைய குடும்பம் முல்லைத்தீவுப் பக்கம், சின்ன வயதில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி, இருபது வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்த ஆட்கள். "எங்களுக்குப் பூட்டின வீட்டுத் திறப்பைத்தான் எடுக்க ஏலுமாயிருந்திச்சு" என்றார். குனிந்து வேரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மேசனைப் பார்த்து, "வெட்டாத. குழாயை மற்றப் பக்கத்தால விடுவம். இது நிக்கட்டும்" என்றார்.

ஒரு மாதமாக நான் சண்டை பிடித்தது இதற்குத்தான். கிடைத்துவிட்டது. நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தேன். தோள் உயரத்தோடு வளர்ச்சி நின்றுபோன நுனியைப் பார்த்தேன். இது நின்றால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நானும் சொல்வேன். எட்டு வருடம் நீர் சொன்னீர், நான் பதினைந்து வருடம் சொல்வேன். பிறகு யாராவது வந்து பிள்ளைகளில்லாத இரண்டு பொம்பிளைகளின் சாமான்களை அள்ளும்போது இதையும் அள்ளுவார்கள். எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"வெட்டுங்கோ" என்றேன்.

"பலாவின்ர ஆணிவேரை வெட்டினாத் தப்பாது, அக்கா" என்றார் மேசன்.

"தெரியும். வெட்டுங்கோ. மல்லாவியில என்ர காணியில வைக்கப் போறன்."

நானா தன்னுடைய சரக்கு வானைத் தந்தார், மேசனோடு தானும் கூடவே வந்தார். மாங்குளத்தில் இறங்கி மூன்று பேருக்கும் தேநீர் வாங்கினார். மல்லாவியில் என் வளவுக் கேற்றைத் திறக்க முடியவில்லை, துரு. கம்பியை வளைத்து உள்ளே போனோம். கிணற்றடிப் பக்கமாக, அப்பாவின் மா நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, குழி வெட்டினோம். வைகாசி வெயில். இந்த வெயிலில் யாராவது கன்று நடுவார்களா? ஐப்பசி மழைக்குத்தான் நடுவார்கள். நடும் காலத்தைக்கூட எனக்குத் தெரிவு செய்ய விடவில்லை நீர்.

பத்தாம் நாள் போனபோது இலை ஒன்றுகூட இல்லை. எல்லாம் கொட்டி, குழிக்குள் ஒரு தடி நின்றது. கச்சான் காற்று வேறு மண்ணை வாரி அடித்தது. தேங்காய்ப் பொச்சுமட்டை அடுக்கினேன், ஈரச் சாக்கு சுற்றினேன். கிழமைக்கு இரண்டு நாள், வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி, பக்கத்து வளவுக் கிணற்றில் அள்ளி ஊற்றினேன். அந்த வளவு ஐயா வேலிக்கு மேலால் பார்த்து, "செத்த தடிக்கு ஏன் பிள்ளை தண்ணி ஊத்திறாய்?" என்று கேட்டார். நான் அடுத்த வாளியை அள்ளினேன். கிணற்றுக் கயிறு கையை உரித்துவிட்டது. ஒவ்வொரு வாளிக்கும் உம்மைத் திட்டினேன், வாய்விட்டு. ஐயாவுக்கும் கேட்டிருக்கும்.

போன வியாழன் போயா விடுமுறை. காலையிலேயே போனேன். இனி இதில் உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடுவது என்று முடிவு. பலாவைக் கீறினால் பால் வரும், செத்ததில் வராது. உச்சியில் நகத்தால் கீறினேன். காய்ந்த பட்டை உதிர்ந்தது. ஒரு சாண் கீழே கீறினேன், அதுவும் காய்ந்தது. நடுவில் கீறினேன். இல்லை. முழங்காலில் இருந்து, பொச்சுமட்டையை விலக்கி, மண்ணோடு ஒட்டின இடத்தில் கீறினேன். வெள்ளையாக ஒரு பொட்டு வந்தது. பிறகு இன்னொரு பொட்டு.

அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். நீர் போன அன்றும் நான் இப்படி அழவில்லை. ஐயா பயந்து வேலியைத் தாண்டி ஓடி வந்தார். காட்டினேன். குனிந்து பார்த்து, "அட, கிடக்குது. அடியால வெடிச்சு வரும் பிள்ளை, ஆனால் ஒரு நாளும் விடாமல் ஊத்த வேணும்" என்றார்.

ஒரு நாளும் விடாமல். வவுனியாவில் இருந்துகொண்டு.

வெள்ளிக்கிழமை கந்தோரில் இடமாற்றப் படிவம் ஒன்று எடுத்து நிரப்பினேன். பலாப்பால் ஒட்டின விரலில் தாள் ஒட்டிக்கொண்டு ஒரு கறை விழுந்தது. அந்தப் பக்கத்தில் இருந்து இங்கே வரத்தான் எல்லாரும் விண்ணப்பிப்பார்கள், இங்கிருந்து அங்கே போகக் கேட்பவள் நான் ஒருத்திதான். வீடும் இல்லை. இடிந்த கிணற்றை இறைத்துக் கட்ட வேண்டும், ஒரு தகரக் கொட்டிலாவது போட வேண்டும். உம்முடைய பன்னிரண்டு கன்றுகளையும் சுமக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு இது தேவையா?

இடமாற்றம் கோரும் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், "மல்லாவியில் உள்ள என் மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது" என்று எழுதினேன். பிரதம இலிகிதர் வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை அனுப்பேலாது மிஸ். சுகயீனம் எண்டு மாத்தி எழுதுங்கோ" என்றார். நான் மாற்றவில்லை, அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

'என் மரம்' என்று எழுதியிருக்கிறேன், கவனித்திருப்பீர். இல்லை, அது உம்முடையது என்றால், சண்டைக்கு வாரும்.